பத்தொன்பது ஆண்களின் முத்திரை

அன்பு மகள் சியாவ்மானுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம், பன்றி நலம், இந்த வருஷம் கூரை ஒழுகவில்லை, அதனால் கூரையும் நலம். உன் அப்பா தையுவான் நகரத்தில் பதினோராவது மாடிக்குச் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறார், அவரும் நலம் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். உன்னுடைய நலத்தை மட்டும் நீ ஆய்லானுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

இதை நம் ஊரில் உட்கார்ந்து எழுதவில்லை. சந்தையில் முடிவெட்டுகிறவருக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கடிதம் எழுதித் தருகிறாரே ஒருவர், நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். நம் ஊர்ப் பெரியவர்களில் கடிதம் எழுதத் தெரிந்தவள் ஆய்லான் ஒருத்திதான், அவள் கையால் இதை எழுத வைக்க முடியாது என்று படிக்கப் படிக்க உனக்கே புரியும். இவர் நல்ல மனிதர், ஆனால் தொடக்கத்தில் வசந்தகாலம் வந்தது, குருவிகள் வந்தன என்று ஏதோ சேர்க்கப் பார்த்தார். நான்தான், ஐயா குருவியை விடுங்கள், நான் சொல்வதை எழுதுங்கள், வழியில் எங்காவது கிளை பிரிந்து போனாலும் கூடவே வாருங்கள், திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். பத்து முட்டை கொண்டுவந்திருக்கிறேன், எத்தனை தாள் ஆனாலும் அதுதான் என்று பேச்சு.

உன் கடிதம் எப்போதும் ஆய்லான் பெயருக்குத்தான் வரும். ஓர் உறை, அதற்குள் அவளுக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, சித்தி என்று நீ கூப்பிடுகிற ஆய்லான் படித்துக் காட்டட்டும் என்று நீ நினைத்தாய், அது நியாயம்தான், ஆனாலும் உறைமேல் அவள் பெயர் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். எனக்கான தாளை அவள் வாசிப்பாள், அம்மா நான் நன்றாக இருக்கிறேன், இங்கே சோறு போதும், குளிர் இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். என் மகள் சுருக்கமாகப் பேசுகிறவள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவள் வீட்டுக்குச் சல்லடை வாங்கப் போனேன். அவள் கொல்லையில் இருந்தாள். மேசைமேல் காடி ஜாடிக்கு அடியில் உன் தாள்கள் பறக்காமல் இருந்தன. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். அவளுக்கு நாலு தாள், இரண்டு பக்கமும். எனக்கு வந்தது அரைத் தாள். சல்லடையை வாங்காமலே திரும்பிவிட்டேன், அன்றைக்கு மாவைச் சலிக்காமலே பிசைந்தேன், அப்பத்தில் கல் கடித்தது, அந்தக் கல்லுக்கும் ஆய்லானைத்தான் திட்டினேன்.

அதுவும் போகட்டும். நாலு நாள் கழித்துக் கிணற்றடியில் அவளே வாய் தவறிக் கேட்டுவிட்டாள், சியாவ்மான் விரல் ஆறிடுச்சா, வேற ஏதும் சேதி வந்துதா என்று. எந்த விரல் என்று கேட்டேன். உங்கள் பொம்மைத் தொழிற்சாலையில் அச்சு அழுத்துகிற யந்திரத்தில் உன் இடது கை நடுவிரல் நசுங்கியதும், நகம் போனதும், இரண்டு மாதத்துக்கு முந்தைய கதை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த விரலைப் பெற்றவள் நான், அது நசுங்கியதை ஊரான் வீட்டுப் பெண்பிள்ளை சொல்லிக் கேட்டேன். அம்மா கவலைப்படுவாள் என்று மறைத்தேன் என்பாய். கவலைப்படுவது என் வேலை, அதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க நீ யார்?

பிறகு அவளை உட்காரவைத்து, நாலு தாளையும் படி என்றேன். படித்தாள். நீங்கள் பன்னிரண்டு பெண்கள் ஓர் அறையில் இருப்பது, குளிக்க வெந்நீர் இல்லாதது, யந்திரத்தில் கைக்குத் தடுப்பு வைக்கச் சொல்லி மேலாளரிடம் எல்லோரும் சேர்ந்து போகலாமா என்று பேசிக்கொள்வது எல்லாம் கேட்டேன். கடைசியில், சித்தி, மலைச்சரிவுக்காக நீங்கள் பத்தொன்பது பேரும் எப்படிச் சேர்ந்து நின்றீர்கள், எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். மகளே, அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஏன் என்றால் அவள் உனக்கு உண்மையைச் சொல்லமாட்டாள். பொய்க்காரி என்பதால் இல்லை. நல்லவள் என்பதால். அவளுடைய அந்த நல்லதனம்தான் எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் சிக்கிய முள்.

இருபத்தாறு என்று ஏன் கணக்காகச் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருவரும் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தது ஒரே நாள். நான் கிழக்கிலிருந்து கழுதைமேல், அவள் தெற்கிலிருந்து ஒரு தள்ளுவண்டியில். பழைய சடங்கெல்லாம் கூடாது என்று கெடுபிடியாக இருந்த காலம், ஆனாலும் இரண்டு கல்யாண ஊர்வலம் வழியில் எதிர்ப்பட்டால் ஆகாது என்கிற பயம் யாரையும் விடவில்லை. ஒருத்தியின் அதிர்ஷ்டம் மற்றவளிடம் போய்விடுமாம். அதற்கு மாற்று, மணப்பெண்கள் இருவரும் இறங்கிக் கைக்குட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். என்னுடையது புதிது, சிவப்பு, என் அம்மா ஓரம் தைத்தது. அவளுடையது துவைத்துத் துவைத்து மங்கியது, ஒரு மூலை கிழிந்தது. மாற்றும்போது அவள் என்னிடம், அக்கா உங்க பேரென்ன என்று கேட்டாள். சொன்னேன். நான் அவள் பெயரைக் கேட்கவில்லை, என் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கியது.

அதற்குப் பிறகு எதுவாக இருந்தாலும் அப்படித்தான். இந்தப் பெண்கள் குழுவையே எடுத்துக்கொள். ஆண்கள் எல்லோரும் நகரத்துக்குப் போன பிறகு, உன் கழுதை எனக்கு ஒரு நாள், என் கை உனக்கு ஒரு நாள் என்று தோஃபுக்கார ஷியிடம் முதலில் பேசியது நான். ஷியை நினைவிருக்கிறதா, சோயா மொச்சை ஆட்டித் தோஃபுக் கட்டி விற்பாளே, வாய் ஓயாதவள். அப்படி இரண்டு பேராகத் தொடங்கியது நாலாகி எட்டாகிக் கதிரடிக்கும் களத்தில் முறை வைத்துக்கொள்கிற அளவுக்கு வந்தது. அப்போது ஆய்லான் வந்து, இதுக்கு ஒரு பேர் வைக்கலாம், மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசலாம் என்றாள். அவ்வளவுதான், ஆய்லான் குழு ஆகிவிட்டது. மாவட்டத்திலிருந்து படம் பிடிக்க வந்தார்கள், நடுவில் அவள், ஓரத்தில் நான். படம் வந்தபோது என் காது மட்டும் இருந்தது. அதுவும் பாதிக் காது. ஷி அதைப் பார்த்துவிட்டு, காது நல்லா விழுந்திருக்குடி, கம்மல் போட்டிருக்கலாம் என்றாள்.

சரி, சரிவுக்கு வருகிறேன். ஊருக்கு மேற்கே நீ ஆடு மேய்ப்பாயே, அந்தத் தரிசு மலைச்சரிவை யார் கேட்டாலும் இருபது வருஷக் குத்தகைக்குத் தருவதாக அரசாங்கம் சொன்னது. செங்கல் சூளைக்காரன் பாங் மண் வெட்ட அதைக் கேட்டான். அவன் வெட்டினால் அடுத்த மழைக்கு மலை இறங்கி நம் கிணற்றுக்குள் வந்துவிடும். நாங்கள் இலந்தை வைக்கக் கேட்போம் என்று முடிவு செய்தோம். ஆய்லான் விண்ணப்பம் எழுதினாள், ஷிமோ ஊர்ப் பெண்கள் குழு, பத்தொன்பது பேர் என்று. அதே வாரம் கன்று பார்க்க அவள் மாவட்ட நாற்றுப் பண்ணைக்குப் போகவேண்டி வந்தது. தாளை என் கையில் கொடுத்து, அக்கா, ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க அவங்க பேரைக் கேட்டு பள்ளிக்கூடத்துப் பசங்க யாரையாவது விட்டு எழுதி, பக்கத்துல பெருவிரலை வெச்சு வாங்கிடுங்க, நான் வந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளே, இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவள் ஊரில் இல்லை, தாள் என் கையில் இருந்தது. வீடு வீடாகப் போனேன். கைநாட்டு வைக்கிறவர்கள் யார், போலீஸ்காரனிடம் மாட்டியவனும் படிப்பில்லாதவனும்தானே, நாம் ஏன் கறுப்பு விரலைக் காட்டிக் கேவலப்படவேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் நல்ல முத்திரை இருக்கிறதே என்றேன். உரம் வாங்க, தானியம் கொடுக்க, பணவிடை வாங்க எல்லாவற்றுக்கும் அந்த எலும்பு முத்திரையைத்தானே கொண்டுபோகிறோம், அதைக் குத்தினால் தாள் பார்க்க எவ்வளவு மரியாதையாக இருக்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆய்லான் சொன்னதை விட்டுவிட்டு நான் சொன்னதைக் கேட்டார்கள். அந்த ருசியை உனக்கு எப்படிச் சொல்வது, புதுக் காடியை முதல் கரண்டி நக்கினாற்போல நாக்கெல்லாம் ஊறியது. சிவப்பு மைப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பதினெட்டு வீடு ஏறி இறங்கினேன். ஆய்லான் வீட்டில் அவள் மாமியார் இருந்தார், காது கேட்காதவர். முத்திரை என்று சைகை காட்டினேன், பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், குத்தினேன். என் வீட்டில் உன் அப்பாவுடையதைக் குத்தினேன். பத்தொன்பது சிவப்புச் சதுரம், வரிசையாக, அழகாக. அவள் வரும்வரை காத்திருந்தால் அவள்தானே கொண்டுபோவாள். மறுநாள் காலை நானே நாலு மைல் நடந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வழியில் எள் பூசிய ரொட்டி வாங்கித் தின்றுகொண்டே வந்தேன்.

ஆறாம் நாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. நானும் ஆய்லானும் போனோம். எழுத்தர் இளவயதுக்காரர், மூக்கில் கண்ணாடி நிற்காது, ஒரு விரலால் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டே பேசினார். தாளை எங்கள் முன்னால் போட்டு, "இதுல பத்தொம்போது ஆம்பளைங்க இருக்காங்க. பெண்கள் குழு எங்கம்மா? அந்தப் பொம்பளைங்கள்லாம் நேர்ல வந்து நிக்கட்டும், இல்லன்னா நாளையோட தவணை முடியுது, சரிவு சூளைக்கார பாங்குக்குத்தான்" என்றார். முத்திரையில் இருப்பது வீட்டுத் தலைவன் பெயர் என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் வீட்டுக்கு உப்பு வாங்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைத்தான் குத்தி வந்திருக்கிறோம், அது நாமும்தான் என்று பழகிப்போய்விட்டது. ஊரில் ஒரு பெண்ணுக்காவது அது தோன்றவில்லை. எழுத்தர் விட்டாரா, ஏட்டை எடுத்துப் புரட்டி ஒரு சதுரத்தில் விரலை வைத்து, "இவரு செத்து ஆறு வருஷம் ஆகுதே. இவருமா இலந்தை நடப்போறாரு?" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அது ஆய்லான் புருஷன் பெயர். அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு ஈரம் காய்ந்து நல்ல பளிச்சென்று இருந்தது அவன் பெயர். குவாரியில் கல் சரிந்து போனவன் என்று உனக்குத் தெரியும். அவள் பெருவிரலால் அந்தச் சதுரத்தை ஒருமுறை தடவினாள், பிறகு எழுத்தரிடம், "தப்பு எங்களோடதுதான் தம்பி. நான் சரியா சொல்லிக் கொடுக்காம போயிட்டேன். நாளைக்குப் பத்தொம்போது பேரும் இங்க வந்து நிப்போம்" என்றாள். திரும்பி வருகிற நாலு மைலும் என்னிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஊருக்கு வந்ததும் களத்தில் எல்லோரையும் கூட்டினாள். பாங்கும் சூளையிலிருந்து வந்து வைக்கோல்போரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். ஆய்லான் எழுந்து, முத்திரை வைத்தது செல்லாது, நான்தான் போகிற அவசரத்தில் தெளிவாகச் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தலையைக் குனிந்தாள். எல்லோரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். ஐயோ பாவம், எவ்வளவு பெரிய மனசு என்கிற அந்தப் பார்வை எனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாக அவளுக்கு விழுவதைப் பார்த்திருக்கிறேன். என் வயிறு எரிந்தது. பதினெட்டு வீடு ஏறி இறங்கியது நான், மைப் பெட்டி என் இடுப்பில், அவள் புருஷன் பெயரைக் குத்தியது என் கை. செய்தது முழுக்க நான், பெயர் மறுபடியும் அவளுக்கா? எழுந்து நின்றுவிட்டேன். "ஏ ஆய்லான், அந்தத் தப்பு என்னோடது. குழுவை எடுத்துக்கிட்ட, என் மக கடுதாசியை எடுத்துக்கிட்ட, அதையும் நீ எடுத்துக்காத" என்றேன்.

பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், ரொட்டி தின்றதுவரை. அவள் பெயர் ஊரில் பெரிதாக இருப்பது எனக்குப் பிடிக்காமல்தான் செய்தேன் என்றும் சொன்னேன். ஷிதான் முதலில் வாயைத் திறந்தாள், "பொறாமை எங்களுக்கும் இருக்குடி, ஆனா நாங்க எழுதிக் கொடுக்கிறதில்ல" என்றாள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பாங் எழுந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டே, "இலந்தை காய்க்கிறதுக்குள்ள நீங்கள்லாம் கிழவியாயிடுவீங்க" என்றான். "நாங்க இப்பவே கிழவிதான், காய்ச்சதும் நீ வா, அதுக்குள்ள உனக்குப் பல்லு இருக்காது, நசுக்கித் தர்றேன்" என்றாள் ஷி. ஆய்லான் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கடுதாசியை நான் எடுத்துக்கலக்கா, அவதான் என் பேருக்குப் போடுறா" என்றாள். உன்னிடம்தான் இருக்கிறது அதற்குப் பதில்.

மறுநாள் விடிந்ததும் பத்தொன்பது பேரும் கிளம்பினோம். கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர், மாசமாக இருந்தவள் ஒருத்தி, அவளை ஷியின் தோஃபு வண்டியில் உட்காரவைத்துத் தள்ளினோம். பாதி வழியில் ஆய்லான், அங்கே போனதும் பெயர் கேட்பார்கள், ஒருத்தர் பெயரை ஒருத்தர் இப்போதே தெரிந்துகொள்வோம் என்றாள். அப்போதுதான் ஒரு வேடிக்கை. யாருக்கும் யார் பெயரும் தெரியவில்லை. களத்தில் தோளோடு தோள் நின்று கதிரடித்தவர்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி பிரசவம் பார்த்தவர்கள், ஆனால் மூத்தவன் பெண்டாட்டி, கொல்லன் வீட்டுக்காரி, சியாவ்மான் அம்மா என்றுதான் தெரியும். தோஃபுக்கார ஷிக்குப் பிறந்த வீட்டில் மென்காற்று என்று பொருள்வர ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். அந்த வாய்க்கு அந்தப் பெயரா என்று வண்டியில் இருந்தவள் சிரித்துச் சிரித்து, குழந்தை இங்கேயே வந்துவிடும்போல் ஆனது.

அலுவலகத்தில் வரிசையாக நின்றோம். என் முறை வந்தது. பெயர் என்ன என்று எழுத்தர் கேட்டார். சியாவ்மான் அம்மா என்றேன். அது உங்கள் மகள் பெயர், உங்கள் பெயர் என்றார். மகளே, எனக்கு வரவில்லை. என் அம்மா செத்த பிறகு என்னை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, உன் அப்பாவும் ஏய் என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பின்னால் நின்ற ஆய்லான் காதோரமாக என் பெயரைச் சொன்னாள். கழுதையிலிருந்து இறங்கி ஒரே ஒரு முறை நான் சொன்ன பெயர், இருபத்தாறு வருஷம் அவள் வைத்திருந்தாள். எனக்குக் கோபமா அழுகையா தெரியவில்லை. "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, எழுத்தர் பக்கம் திரும்பி நானே சத்தமாகச் சொன்னேன். பெருவிரலை வைத்தேன். அது ஒன்றும் கேவலமாக இல்லை.

சரிவு எங்களுக்குக் கிடைத்துவிட்டது. கன்று வைத்தாகிவிட்டது, ஆய்லான் வரிசையும் என் வரிசையும் பக்கத்தில் பக்கத்தில், என்னுடையது மூன்று நாள் முந்தித் துளிர்த்தது, அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை, ஒரு பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அவள் கைக்குட்டை இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மேலாளரிடம் போவதற்கு முன்னால் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து ஒருத்தர் முழுப்பெயரை ஒருத்தர் தெரிந்துகொள்ளுங்கள். நீயே எழுதியிருக்கிறாய், சிச்சுவான்காரி, ஹூனான்காரி, ஏழாம் நம்பர் என்று கூப்பிட்டுக்கொள்கிறீர்கள் என்று. நம்பரை மேலாளர் ஒரு கோட்டில் அடித்துவிடுவார். தாளில் அவரவர் பெயர், அவரவர் விரல். உங்களுக்குள் என்னைப்போல் ஒருத்தி கட்டாயம் இருப்பாள், முன்னால் நிற்கிறவளைப் பார்த்து வயிறு எரிகிறவள். அவளை விலக்காதீர்கள், ஏதாவது ஒரு வேலையை முழுதாக அவள் கையில் கொடுங்கள், கொடுத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். அந்த யந்திரத்துக்குத் தடுப்பு வரும்வரை இடது கையைப் பார்த்து வை. மழைநாளில் விரல் குடையும், வெந்நீரில் இஞ்சி போட்டு முக்கு. அங்கே தினை கிடைக்காது என்பதால் ஒரு பை அனுப்புகிறேன், கஞ்சி வைத்துத் தோழிகளுக்கும் கொடு.

நீ நூறு வருஷம் இருக்கவேண்டும், பத்து விரலோடும் இருக்கவேண்டும். ஒன்று மறக்காதே. அடுத்த கடிதம் தனி உறையில் வரவேண்டும். ஆய்லானுக்கும் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு நாலு தாள், இரண்டு பக்கமும், விரல் முதல் எல்லாம். படித்துக் காட்ட அவளிடம்தான் கொண்டுபோவேன், பரவாயில்லை, பிரிப்பது நானாக இருக்கட்டும். உறைமேல் அவள் பெயர் வேண்டாம், உன் அப்பா பெயரும் வேண்டாம், என் பெயரை எழுது. உனக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும், நான் சொன்னதே இல்லை. எழுத்தரிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிவந்து, அடுப்புச் சாம்பலில் விரலால் பதினாறு நாள் எழுதிப் பழகினேன். இந்தக் கடிதம் முழுக்க இந்த ஐயாவின் கை. கீழே ஓர் ஒலிக்கு ஓர் எழுத்தாகக் கோணலாக இருக்கிற மூன்று மட்டும் என் கை. அதைப் பார்த்து எழுது.

உன் அம்மா
லுவோ யின்ஹுவா